இரட்டைப்பாறைப் பக்கம் போகாதே

ரோமால்ட்,

சித்திக்கு இன்று கண் ஆபரேஷன். ஆறு மணி பஸ்ஸில் திருச்செந்தூர் போகிறேன். சாளைக் குழம்பு சட்டியில் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு. கேஸ்காரர் வந்தால் சிலிண்டரை உள்ளே வைக்கச் சொல்.

நேற்று நீ, "கடல்ல பத்துப் பாகம் ஆழம் முங்கிச் சங்கெடுக்கவனுக்கு ஆறெல்லாம் எம்மாத்திரம், போம்மா" என்றாய். நான் எழுந்து போனது கோபத்தில் இல்லை. உன் அப்பாவும் அந்த இரட்டைப்பாறையில் நின்று, "ஏளா, இது வெறும் வாய்க்கால்" என்று சிரித்தார். தண்ணீரில் போன என் செருப்பை எடுக்கத்தான் இறங்கினார்.

ஆறு அங்கே இரண்டு பாறைக்கு நடுவே ஒடுங்கிப் பாய்கிறது. மேலே எண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கும். அடியில் பாறை குடைந்து கிடப்பது தெரியாது. கடலில் செய்வதுபோலத் தரையை உதைத்து மேலே வரப் பார்த்திருக்கிறார். கால் பொந்துக்குள் மாட்டியிருந்தது என்று மறுநாள் எடுத்தவர்கள் சொன்னார்கள். நான் சேலையை வீசினேன். பிடிக்க ஒரு கை மேலே வரவில்லை.

இன்று கூட்டாளிகளோடு அங்கே போகாதே.

அம்மா

வண்டிச் சாவியைத் தேடாதே, என் பையில் இருக்கிறது. சாயந்தரம் நான் வந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடு. கேட்டுக்கொள்கிறேன்.