வடக்கு மூலையில் தோண்ட வேண்டாம்

கிகாலி
20 பிப்ரவரி 2005

அன்புள்ள அப்பாவுக்கு,

இலுமினே எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சிறையில் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, மூன்று நிமிடம், நடுவில் காவலர். அதில் என்ன பேச முடிகிறது? அதனால்தான் எழுதுகிறேன். ஒன்பது வருடமாக எழுதியும் எனக்குச் சலிக்கவில்லை. உங்களுக்குத்தான் பதில் எழுதச் சோம்பல்.

ஒரு புதுச் செய்தி. நான் கிரிக்கெட் ஆடுகிறேன். சிரிக்காதீர்கள். உகாண்டாவில் வளர்ந்து திரும்பி வந்த கமான்சி என்ற கணக்கு ஆசிரியர் கற்றுக்கொடுக்கிறார். தச்சரிடம் சொல்லி யூகலிப்டஸ் மரத்தில் மட்டை செய்தோம். அதைத் தூக்கினாலே தோள் இறங்குகிறது. டென்னிஸ் பந்தில் மின்சார நாடா சுற்றியிருக்கிறோம். முதலில் நாலு பேர், இப்போது பதினாறு பெண்கள். சாலையோரத்தில் ஆடும்போது போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று கேலி செய்கிறார்கள். நேற்று ஒரு சைக்கிள்காரர், "ஏம்மா, அந்தக் கட்டையால துணி துவைச்சா வீட்டுக்காவது ஆகுமே!" என்றார். டொமித்தில் சும்மா விடுவாளா? "உங்க சட்டையக் கழட்டிக் குடுங்கண்ணே, இங்கயே துவைச்சுத் தர்றோம்!" என்றாள். ஆள் மிதித்த மிதியில் சங்கிலியே கழன்றுவிட்டது.

டொமித்தில்தான் எங்கள் விக்கெட் கீப்பர். என் உயிர்த்தோழி. நான் பந்து போடுவேன், அவள் பிடிப்பாள். அவள் கையிலிருந்து எதுவும் நழுவாது.

பெரிய பள்ளிக்கூடத்து மைதானத்தை எங்களுக்கு விடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். நீங்கள் எட்டு வருடம் லாரி ஓட்டிய பள்ளி. உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

உங்கள் அன்பு மகள்
இலுமினே


சிறை
6 மார்ச் 2005

என் கண்ணே இலுமினே,

கடவுள் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். நீ கொடுத்தனுப்பிய அவரைக்கொட்டை வந்தது. உப்பு குறைவு. உன் அம்மா இருந்தவரை உப்பு குறைந்ததே இல்லை. குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, கிழவனுக்கு வாய் சும்மா இருப்பதில்லை.

பெண் பிள்ளைகள் மட்டை பிடித்து ஆடுவதாக இங்கே சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஆடு மகளே, உடம்புக்கு நல்லது. ஆனால் அந்த மைதானம் வேண்டாம். மழைக்காலத்தில் அது சேறு. புல்லுக்குள் பாம்பு உண்டு. நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சர்ச்சுக்குக் கீழே சரிவில் நல்ல இடம் இருக்கிறதே, அங்கே ஆடுங்கள். பெரியவன் சொல்வதைக் கேள்.

தொண்ணூற்று நாலுக் கொலைகளுக்கான ஊர்மன்றம் நம் பகுதியில் விசாரணையைத் தொடங்கப்போகிறதாம். ஆட்களை மறித்துக் கொன்ற சாலைத்தடுப்பில் நானும் நின்றேன் என்ற பழி மட்டும்தான் என்மேல். நான் அப்போது தெற்கே புத்தாரே ஊரில் இருந்தேன் என்பதை நீ போய்ச் சொன்னால் போதும், வெளியே வந்துவிடுவேன். உன் கல்யாணத்துக்கு நான் இருப்பேன்.

அப்பா
அனஸ்தாஸ்


கிகாலி
24 ஏப்ரல் 2005

அன்புள்ள அப்பாவுக்கு,

படுகொலை நினைவுத் துக்க வாரம் முடிந்து மறுபடி பயிற்சி தொடங்கிவிட்டது. பாம்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. உங்கள் பாம்பு கிழடாகிச் செத்திருக்கும்.

அப்பா, இப்போது நாங்கள் முப்பத்தெட்டுப் பேர்! அடுத்த குன்றிலிருக்கும் ஊரிலிருந்துகூட நடந்து வருகிறார்கள். காய்கறி விற்கும் அம்மாக்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அவ அவுட்டா, இல்லையா?" என்று சண்டை போடுகிறார்கள். விதி புரிந்து போடுகிறார்களா என்று கேட்காதீர்கள். ஜூலையில் கம்பாலாவிலிருந்து ஒரு பெண்கள் அணி வருகிறது. வெளிநாட்டு அணியோடு எங்களுக்கு முதல் ஆட்டம்! அதற்கு நல்ல ஆடுகளம் வேண்டும். கமான்சி இடம் குறித்துவிட்டார். வடக்குப் பக்கம், அவகாடோ மரத்துக்கும் சுவருக்கும் நடுவில். அங்கேதான் தரை சமமாக இருக்கிறது, புல்லும் அடர்த்தி. ஒரு முழ ஆழம் தோண்டிச் சிமென்ட் போட்டு மேலே பாய் விரிக்க வேண்டும். மே கடைசிச் சனிக்கிழமை ஊரே பொதுவேலைக்கு மண்வெட்டியோடு வருகிற நாளில் இதைத்தான் செய்யப்போகிறோம்.

டொமித்தில் மட்டும் ஏப்ரல் பிறந்ததிலிருந்து சிரிக்கவே இல்லை. அவள் அம்மா கொன்செஸா, பள்ளி வாசலில் பால் விற்றாரே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். தொண்ணூற்று நாலுப் படுகொலையின்போது பள்ளிக்குள் ஒளிந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு கீழ் வாசலருகே குழியைத் திறந்து உடல்களை எடுத்தார்களே, அதில் அவர் இல்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் எந்தக் குன்றில் எலும்பு கிடைத்தது என்று கேள்விப்பட்டாலும் டொமித்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பதினோரு வருடமாகிறது. "அம்மாவோட இடுப்புத்துணி தெரிஞ்சா போதும்டி, நான் தூங்கிடுவேன்" என்கிறாள்.

உங்கள் அன்பு மகள்
இலுமினே


சிறை
8 மே 2005

இலுமினே,

உடனே எழுதுகிறேன். வடக்குப் பக்கம் தோண்ட வேண்டாம். அவகாடோ மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மட்டும் கூடாது. அங்கே பழைய தண்ணீர்க் குழாய் போகிறது. உடைந்தால் பள்ளிக்கூடமே உங்கள்மேல் பாயும். மேலும் அந்த மண் அந்த ஏப்ரலில் புரட்டிப் போட்டது, இன்னும் இறுகியிருக்காது. சிமென்ட் வெடிக்கும். தெற்கே போடச் சொல். கமான்சியிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே யோசித்ததாகச் சொல். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை. வேறொன்றுமில்லை.

அப்பா


கிகாலி
22 மே 2005

அப்பா,

தலைமையாசிரியரிடம் பள்ளியின் பழைய வரைபடம் இருக்கிறது. வடக்கே எந்தக் குழாயும் இல்லை.

அந்த ஏப்ரலில் புரட்டிய மண் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏப்ரலில் நீங்கள் லாரியோடு புத்தாரேயில் மாட்டிக்கொண்டதாகத்தானே சொன்னீர்கள்? அம்மாவும் அதையே சொன்னாள். சாகும்போதும் சொன்னாள். நான் கேட்காமலே ஏன் திரும்பத் திரும்பச் சொன்னாள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தபோது கேட்டேனே, "அப்பா, மண்ணப் புரட்டுனது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று. "அவரைக்கொட்டைல உப்பு பத்தலம்மா" என்றீர்கள். மறுபடி கேட்டேன். "அடுத்த தடவ கொஞ்சம் கூடப் போடு" என்றீர்கள். தட்டைக் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். காவலர் திரும்பிப் பார்த்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. மைதானத்தின் அந்தப் பக்கம் பந்து போனால் எடுக்கப் போகக் கால் வரவில்லை. டொமித்தில் ஓடிப்போய் எடுத்து வருகிறாள். அந்தப் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறாள்.

சனிக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கிறது. குழாய் என்று எழுதாதீர்கள்.

இலுமினே


சிறை
25 மே 2005

மகளே,

நாளை விடுதலையாகும் ஒருவர் இதைச் சட்டை மடிப்பில் கொண்டுவருவார். சிறையில் யாரும் படிக்கவில்லை. நீ படித்ததும் எரித்துவிடு.

நான் புத்தாரே போகவில்லை. இங்கேதான் இருந்தேன். நான் யாரையும் வெட்டவில்லை. உன் அம்மாவின் மேல் ஆணை. ஆட்கள் வந்து, "அனஸ்தாஸ், லாரிய எடு. மண்ணு கொண்டா" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்னையும் குழிக்குள் போட்டிருப்பார்கள். உனக்கு அப்போது எட்டு வயது, அம்மாவோடு அவள் பிறந்த வீட்டில் இருந்தாய். மூன்று முறை மண் கொண்டுபோய் அந்த வடக்குக் குழியில் கொட்டினேன். மூன்றாவது முறை, அடியிலிருந்து ஒரு குரல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. தினமும் காலையில் பால் கொடுக்கும்போது கூப்பிடும் குரல். நான் லாரியின் மண் தொட்டியைத் தூக்கிக் கொட்டினேன்.

இதை உன் அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். அதன்பிறகு அவள் என்னோடு ஒரே தட்டில் சாப்பிடவில்லை.

இப்போது கேள். தோண்டாமல், இருக்கிற புல்லின் மேலேயே கனமாகச் சிமென்ட் போடச் சொல். இல்லாவிட்டால் தெற்கே மாற்றச் சொல். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். தெரிந்தால் நான் வெளியே வரமாட்டேன். உன்னை ஊரில் யார் முகம் கொடுத்துப் பார்ப்பார்கள்? உன் தோழி பார்ப்பாளா? உன்னைப் பெண் கேட்டு யார் வருவார்கள்? எனக்காக வேண்டாம், உனக்காகச் சொல்கிறேன். எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

அப்பா


கிகாலி
5 ஜூன் 2005

அப்பா,

கடிதத்தை எரிக்கவில்லை. இரண்டு நாள் என் உள்ளாடைக்குள் வைத்திருந்தேன். நீங்கள் சொன்னபடியே செய்துவிடலாம் என்று ஒரு பகல் முழுவதும் நினைத்தேன். அதை மறைக்கமாட்டேன். தெற்கே மாற்றலாமா என்று கமான்சியிடம் கேட்கவும் போனேன். "ஏம்மா, வடக்குல என்ன?" என்றார். சும்மா கேட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை அறுபது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். கயிறு கட்டியாகிவிட்டது. டொமித்தில்தான் முதல் வெட்டுக்கு ஓங்கினாள். நான் போய் அவள் கையைப் பிடித்துக் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "எல்லாரும் மண்வெட்டியப் போடுங்க. கையால தோண்டுவோம்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் ஆனது. இருபத்துமூன்று பேர். கொன்செஸாவை இடுப்புத்துணியால் கண்டுபிடித்தாள். அழவில்லை. துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே தூங்கிப்போனாள். நான் பக்கத்தில் உட்காரவும் தைரியமில்லாமல், போகவும் முடியாமல் தள்ளி நின்றேன்.

மைதானத்தை மூடிவிட்டார்கள். நீங்கள் சொன்ன சர்ச்சுச் சரிவுதான் இப்போது எங்களுக்கு. ஒன்பது பெண்களை வீட்டில் அனுப்பவில்லை. மீதிப் பேர் வருகிறார்கள். நான் போகவில்லை. வியாழக்கிழமை டொமித்தில் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "கம்பாலாக்காரிங்க வர்றாங்க. உன்னத் தவிர பந்து போட ஆளில்ல. நீ வா. உங்கிட்ட நான் பேசமாட்டேன். எப்பப் பேசுவேன்னும் தெரியாது. பந்து மட்டும் போடு." போனேன். போட்டேன். அகலமாகப் போன பந்தையும் பாய்ந்து பிடித்தாள். பந்தை என்னிடம் உருட்டிவிட்டாள்.

உங்கள் கடிதம் ஊர்மன்றத்திடம் இருக்கிறது. விசாரணை நாளில் நீங்களே எழுந்து சொன்னால் நான் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். சொல்லாவிட்டால் நானே எழுந்து படிப்பேன். இரண்டில் எதற்குப் பிறகும் உங்களைப் பார்க்க வருவேனா என்று இப்போது என்னைக் கேட்காதீர்கள்.

இருபத்துமூன்று பேரில் ஏழு பேர் யாரென்று தெரியவில்லை; மற்றவர்களின் பட்டியல் இதோடு இருக்கிறது. அவர்களைப் பெயரில்லாமல் அடக்கம் செய்யப்போகிறார்கள். நீங்கள் எட்டு வருடம் அந்த வாசலில் இருந்தவர். உங்களுக்குத் தெரியும். உங்கள் முழங்காலைப் பற்றி, உப்பைப் பற்றி, என் கல்யாணத்தைப் பற்றி எழுத வேண்டாம். பெயர்களை மட்டும் எழுதுங்கள்.

இலுமினே


சிறை
19 ஜூன் 2005

கருகரமா, செருப்புத் தைப்பவர்.
அவர் மனைவி மெடியாட்ரிஸ்.
அவர்கள் மகன். பதினான்கு, பதினைந்து வயது. ஊரில் எல்லாரும் அவனைப் பிஃபி என்பார்கள். சொந்தப் பெயர் தெரியாது.
செம்பாகாரே, மூன்றாம் வகுப்பு ஆசிரியர்.
நிரமானா, சமையற்கட்டில் வேலை செய்தவள்.
நிரமானாவின் அம்மா. கண் தெரியாதவர்.
ஒரு குழந்தை. மஞ்சள் சட்டை. யாருடையது என்று நான் கேட்கவில்லை.

அனஸ்தாஸ்