சம்பந்தி வீட்டில் மட்டும் திறந்த ஆல்பம்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நம் வீட்டுக் கம்ப்யூட்டரும் நேற்றிலிருந்து நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

குட்டியின் படங்களுக்காக மாப்பிள்ளை செய்த இணையதளம் மூன்று வாரமாக நம் வீட்டில் திறக்கவில்லை. இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல, உங்கள் விவரங்களை யாரோ திருடலாம் என்று சிவப்பாக ஓர் எச்சரிக்கை. பேரனைப் பார்க்க வந்த தாத்தாவிடம் சொல்லும் பேச்சா அது. அதே ஆல்பம் சம்பந்தி வீட்டில் ஜம்மென்று திறந்தது. அவரும் நம்மைப் போலப் பொத்தான் போன்காரர்தான், கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறார். தினமும் காலையில் கூப்பிட்டு, "நேத்து குட்டி சோபாவப் புடிச்சுக்கிட்டு நின்னான், பாத்தீங்களா சம்பந்தி?" என்பார். பார்த்தேன், அருமை என்பேன். மாப்பிள்ளை தன் அப்பாவுக்கு மட்டும் திறந்துவிட்டு நமக்குப் பூட்டிவிட்டார் என்றே நினைத்தேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் பொறாமை என்பாய். பொறாமைதான், ஆனால் அதை நீ சொல்லக்கூடாது.

அவரிடம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஏதாவது வேண்டுமே. எங்கள் கம்ப்யூட்டர் கடிகாரம் என் மகள் ஊர் நேரத்தில்தான் ஓடுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டேன். பொய் இல்லை. நீ தூங்குகிறாயா சமைக்கிறாயா என்று தெரிந்துகொள்ள மூன்று வாரம் முன்பு நானே மாற்றிவைத்ததுதான். மனிதருக்குப் பொறுக்கவில்லை, சாயங்காலமே வந்து, "எப்படிச் செஞ்சீங்க, எழுதிக் குடுங்க" என்றார். நான் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன். முதல் வரி, கீழ் அம்பை ஒருமுறை அமுக்கவும். பிறகு மணியை மாற்றவும்.

நேற்று ரிப்பேர்காரர் வந்தார். திரையின் மூலையைப் பார்த்துவிட்டு, "சார், உங்க கம்ப்யூட்டர் போன வருஷத்துல உக்காந்திருக்கே" என்றார். நான் முதலில் அமுக்கிய அம்பு ஆண்டைக் குறைத்திருக்கிறது. "அந்தத் தளம் நெசமானதுன்னு காட்டுற சர்டிபிகேட்டுக்கு ஆரம்பத் தேதி ஒண்ணு இருக்கு. உங்க கம்ப்யூட்டர் கணக்குல அத இன்னும் குடுக்கவே இல்ல, எப்படி நம்பும்?" அந்தக் கணக்குப்படி பேரனே பிறக்கவில்லை. தேதியைத் திருத்தி, பிரவுசரை மூடித் திறந்தார். ஆறு பல்லோடு குட்டி வந்தான். எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகும் பொத்தானைத் தொடாதீர்கள், முதலில் தேதியைப் பாருங்கள் என்றார். நீயும் கவனமாக இரு.

இன்று வியாழக்கிழமை, காலையில் சம்பந்தியிடமிருந்து போன். அவர் திரையிலும் சிவப்பு. ஓய்வுபெற்ற ஆடிட்டர் அல்லவா, நேற்று ராத்திரி உட்கார்ந்து என் சீட்டை வரி பிசகாமல் பின்பற்றியிருக்கிறார். "என் பையன் உங்களுக்கு மட்டும் தொறந்து விட்டிருக்கானா?" என்று கேட்டார். அந்தக் குரலை எனக்குத் தெரியும், மூன்று வாரம் அது என்னுடையது. ஒரு வரியில் தீர்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அம்மா கேட்டுவிட்டு, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா உங்களுக்கு?" என்றாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "திங்கக்கிழமைன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். குட்டிக்கு எங்கள் முத்தம். அவன் கைவிட்டு நடக்கும் படம் கிடைத்தால் சனிக்கிழமைக்குள் ஏற்றிவிடு. இதைத் தபாலில் போடாமல் மின்னஞ்சலில் அனுப்புவது அதற்காகத்தான்.

ஆசிகளுடன்,
மூன்று நாளைக்கு ஒரே தாத்தாவான
உன் அப்பா