பின்கூடத்துப் பலகை

ஷிகெங் கிராமம், ஆன்ஹுய் மாகாணம்
3 செப்டம்பர் 1993

அண்ணிக்கு,

விருப்பப்பட்டு எழுதும் கடிதம் இல்லை இது. நம் மூதாதையர் கோயிலின் பின்கூடத்து உத்தரத்தைக் கரையான் தின்றுவிட்டது. புது உத்தரம் ஏற்றி, இறந்தவர்களின் பெயர்ப்பலகைகளையும் கற்பூர மரத்தில் புதிதாகச் செதுக்குகிறோம். மனைவி உயிரோடு இருந்தாலும் சேர்த்தே செதுக்குவது வழக்கம் என்பதால், அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் வர வேண்டும். புருஷன் சாவுக்குக்கூட வராதவர் பெயர் எதற்கு என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். பராமரிப்பு என் பொறுப்பு என்பதால் கேட்கிறேன். சம்மதமா?

ஜின் பெய்லின்

துன்ஷி
12 செப்டம்பர் 1993

தம்பி பெய்லின்,

சம்மதம் இல்லை. என் மகள் லானின் பெயர் ஏறாத இடத்தில் என் பெயரும் வேண்டாம்.

பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனவளுக்குப் பலகை கேட்டேன். முற்றத்தில் நின்று என்ன சொன்னாய்? "கல்யாணம் ஆகாத பொண்ணு வேற வீட்டுக்குப் போக வேண்டியவ அண்ணி. இங்க ஏது எடம்?"

"போறதுக்கு ஒரு வீடே அமையாம போய்ட்டாளே தம்பி, இனி எங்க போவா?" என்றேன். நீ கூரையைப் பார்த்தாய். உன் அண்ணனும் உன் பக்கமே நின்றார். அன்றே ஊரைவிட்டு வந்தேன்.

கோயில் பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில் அதே முற்றத்தில் பதினாறு வருடம் பாடம் நடத்தியவள் நான். ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, பதிவேட்டில் பெயர் இல்லை. ஆசிரியர் பிள்ளையை வெளியே தள்ளமாட்டார். பெயரை எழுதுவார்.

தாவ் ருயி

ஷிகெங்
25 செப்டம்பர் 1993

அண்ணி,

இது பள்ளிக்கூடம் இல்லை. நாலு கூரைத் தண்ணீரும் முற்றத்துக்குள்ளேயே விழ வேண்டும், வாசலைவிட நடுக்கூடமும் அதைவிடப் பின்கூடமும் உயர வேண்டும் என்று அளந்து இந்தக் கோயிலைக் கட்டிய முன்னோர்கள், பெண்பிள்ளைக்கு இடம் வைக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் பெரியவர்களிடம் படித்தேன். "டீச்சரம்மாவுக்கு வயசாச்சு, வாய்க்கு மட்டும் இன்னும் ரிட்டையர்மென்ட் வரல" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

பெய்லின்

துன்ஷி
4 அக்டோபர் 1993

பெய்லின்,

நன்றாகச் சிரி. குளிர்கால வழிபாட்டில் பலகைகள் ஏறும் நாளில் வருவேன். என் பெயர் இருந்தால் எல்லார் முன்னாலும் உளியால் சுரண்டி எடுப்பேன்.

ருயி

ஷிகெங்
10 டிசம்பர் 1993

அண்ணி,

வராதீர்கள். பலகை முடிந்தது. உங்கள் பெயர் இருக்கிறது. உயிரோடு இருப்பவர் பெயர்மேல் சிவப்புத் தாள் ஒட்டி மறைப்பது நம் வழக்கம்தானே, ஒட்டிவிட்டேன். தாளுக்கு அடியில், உங்கள் பெயருக்குக் கீழே, 'மகள் லான்' என்று செதுக்கியிருக்கிறது. தச்சருக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்கள் சுரண்ட வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும், அவளையும் இறக்கிவிடுவார்கள்.

நீங்கள் போன பிறகுதான் அந்தத் தாளைக் கிழிப்பார்கள். அன்று என்னைக் கோயில் வாசலில் நிறுத்தித் திட்டுவார்கள். அதற்குள் பலகை பழசாகியிருந்தால் நல்லது, பழைய பலகையில் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

உங்கள்மேல் உள்ள கோபம் எனக்குக் குறையவில்லை. சாவதற்கு அவசரப்படாதீர்கள்.

பெய்லின்