நாற்பது பேர், ஒரே பழைய எண்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து சாரல். குமுளியில் கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. மடிக்கணினி பேட்டரி தாங்கியது.

சிறு விவசாயிகள் சங்கத்தின் ஏலத் தளத்துக்குச் சுமைச் சோதனை: பல பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் தாங்குமா என்று. தரகர் இல்லாமல் தாங்களே இணையத்தில் ஏலக்காய் விற்கும் முதல் நாள், வரும் வியாழன். செயலாளர் மரகதம் (இனி ம.). மென்பொருள் சோதனை வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடமானவனை நம்பிக் கேட்டிருக்கிறாள். மறுக்கத் தெரியவில்லை.

செய்தவை:
1. உள்நுழைந்து ஒரு லாட்டுக்கு (ஒருவர் கொண்டுவந்த காய்க்கு) விலை கேட்பது வரை பதிவு; அதையே தானாகச் செய்யும் ஸ்கிரிப்ட்.
2. பதிவில் சிக்கிய டோக்கன் எண்ணை (உள்ளே வந்தவருக்கான அனுமதிச் சீட்டு மாதிரி) எடுத்துவிட்டு, தளம் ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகத் தரும் எண்ணைப் பதிலிலிருந்து பிடிக்கும் விதி.
3. அதையே அறுபது லாட்டுக்குச் சுழற்சி.

இரண்டாவது லாட்டையும் பதிவு செய்திருக்க வேண்டும். அதில் பாண்டியின் பெயர் இருந்தது, எடையோடு. அடுத்த வளைவில் அரை ஏக்கர்க்காரர். சோதனைத் தளம்தான். ஆனாலும் நான் விளையாட்டாகக் கேட்கும் விலை அவர் காயின் மேல் நின்றுவிட்டால்? என் கையால் போட மனம் வரவில்லை; சுழற்சி தானாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

நாற்பது போலி வியாபாரிகளை ஏவினேன். திரையில் எல்லாம் பச்சை, தேறியது என்று. அறிக்கை அனுப்பினேன். ம. உடனே போனில்: "நீங்க சொன்னாப் போதும் சார். இனி கம்பத்து வியாபாரிககிட்ட தைரியமாச் சொல்லிருவேன்."

மகிழ்ச்சி. கொஞ்சம் அதிகமாகவே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை கனம். பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

வழக்கம்போல நேற்றைய ஓட்டத்தில் தளம் தந்த பதில்களை இன்னொரு முறை பார்த்தேன். முதல் லாட்டுக்கு வந்த பதில் பெரிது. இரண்டிலிருந்து அறுபது வரை சிறியது, எல்லாம் ஒரே அளவு. அப்படி இருக்க முடியாது. ஒன்றைத் திறந்தேன். விலைப் பக்கம் இல்லை. "மீண்டும் உள்நுழையவும்."

லாட் மாறும்போதெல்லாம் தளம் டோக்கனையும் மாற்றுகிறது. முடிந்த லாட்டுக்கு யாரும் பிந்தி விலை வைக்காமலிருக்க. நியாயமான ஏற்பாடு. என் ஸ்கிரிப்ட் முதலில் பிடித்த எண்ணையே கடைசிவரை நீட்டியிருக்கிறது. தளம் மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறது, 200 என்ற வெற்றிக் குறியோடு. நான் குறியைப் பார்த்தேன். பக்கத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது லாட்டை அன்றே பதிவு செய்திருந்தால் எண் மாறுவது கண்ணில் பட்டிருக்கும்.

திருத்தினேன். ஒவ்வொரு பதிலிலிருந்தும் புதிய எண். பக்கத்தில் லாட் எண் வந்ததா என்ற சரிபார்ப்பு. மறுபடி ஓட்டம். பத்துப் பேருக்குச் சரி. இருபதில் திணறல். நாற்பதில் தளம் எழவே இல்லை.

மத்தியானம் மணி ஒன்று. ம.வைக் கூப்பிடப் போனை எடுத்தேன், வைத்தேன். மூன்று முறை. என் திருத்தமே தவறாக இருந்தால்? வீண் கலவரம். நாளை இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு.

மாத்திரை வாங்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இரண்டு முறை ஓட்டினேன். அதே முடிவு. பதினொரு மணிக்குச் சங்கத்துக் கிடங்கு. ம. சாக்குகளில் லாட் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"எப்பத் தெரிஞ்சுச்சு சார்?"

"நேத்து மத்தியானம்."

பசைப் புட்டியை மூடினாள். "நேத்து சாயங்கால ஜீப்புலதான் கம்பத்துக்கும் போடிக்கும் சாம்பிள் போச்சு. அதுக்கு முன்னாடி சொல்லிருந்தா ஒரு வாரம் தள்ளியிருப்பேன். இப்பத் தள்ளினா, சங்கத்துக்காரவுக விளையாடுறாகன்னு ஒருத்தனும் திரும்ப எட்டிப்பாக்க மாட்டான்."

பாண்டி சாக்கை இறக்கிவிட்டு வந்தார். "என்ன மரகதம், கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா?"

"நாளைக்குப் படுத்துரும்ங்கிறாரு, சித்தப்பா."

"எம்மக கல்யாணத்துல மைக்செட்டுந்தான் படுத்துச்சு. தாலி கட்டாமயா போனாக?"

அவர் மட்டும் சிரித்தார்.

தளம் செய்தவர் எர்ணாகுளத்தில். ம. மலையாளத்தில் மன்றாடினாள். "நோக்காம்", பார்க்கலாம், என்றாராம். ஒரு வாரம் ஆகுமாம்.

பத்துப் பத்துப் பேராக உள்ளே விடலாமே என்றேன்.

"முப்பது பேருக்குக் கதவ அடைச்சுட்டு விடுறது ஏலமா சார்?"

சரிதான். இருப்பதை வைத்து நாளையே நடத்துவதென்று முடிவு.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெயில். பத்து மணி. கிடங்கில் பின்வரிசையில் நான். திரையில் உள்ளே 38 பேர்.

லாட் 1: நல்ல விலை. கைதட்டல்.
லாட் 2: பரவாயில்லை.
லாட் 3: சக்கரம் சுற்றியது. நிற்கவில்லை.

ம.வின் போனில் கம்பத்து வியாபாரி ஒருவர், எல்லோருக்கும் கேட்கும்படி: "ஏம்மா, வெலயப் போட்டா வெளிய தள்ளுது. இது ஏலமா, கண்ணாமூச்சியா? நாங்க பழைய எடத்துலயே எடுத்துக்கிறோம், விடு."

11.15. ரத்து, முடிந்த இரண்டு லாட்டும் சேர்த்து.

யார் சொன்னார்களோ, பன்னிரண்டுக்குள் தரகரின் ஜீப் வாசலில். கேட்டது பாதி விலை. யாரும் பேரம் பேசவில்லை. "மழைக்காலம் சார். வச்சிருந்தா காயோட பச்ச நெறம் போயிரும்," என்றார் பாண்டி, எனக்குச் சமாதானம் சொல்வதுபோல.

சாக்குகளை ஜீப்பில் ஏற்ற ஆள் போதவில்லை. ம. என் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து முதல் முறை.

"சாக்கோட அந்த நுனியப் பிடிங்க சார்."

பிடித்தேன்.