சட்டியை உள்ளே தூக்கி வைத்தவளுக்கு

அக்கா,

இன்று காலை மகளின் அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. நனைந்த சாம்பலின் வாடை மூக்கில் ஏறியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! இந்த வயதில் மகள் கற்றுக்கொடுத்தாள். ஒரு வரி முடிவதற்குள் வாயிலிருக்கும் வெற்றிலை தீர்ந்துபோகிறது. இருந்தும் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். நீ பார்த்திருந்தால், "வண்டிக்காரப் பயலுக்கு வந்த வாழ்வப் பாரு" என்றிருப்பாய்.

அன்றும் இதே வாடைதான். பதுளைக் கடைவீதிக்குப் பின்னால், முதலாளியின் வாடகை அறைகளில் நீயும் நாங்களும் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். நோயில் என் வண்டி மாடுகள் செத்துப்போக, வாடகை நின்றுவிட்டது. உள்ளே என் மனைவி பச்சை உடம்போடு பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தாள். வெளியே கொட்டும் மழை. முதலாளியின் சண்டியர்கள் இருவர் வந்தார்கள். எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்கள். சட்டிபானைகளை எடுத்து முற்றத்தில் வைத்தார்கள்.

நான் கைகட்டி நின்றேன். நான் பிறந்து வளர்ந்த மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். கங்காணி சட்டியை வெளியே வைத்துவிட்டால் லயத்துக் குடியிருப்பை விட்டுப் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு வாசற்படியை மிதித்தவர்கள் இல்லை. பட்டணத்திலும் அப்படித்தான் என்று எண்ணி, மனைவியை எழுந்து வரச்சொல்லிக் கூப்பிட்டேன்.

சத்தம் கேட்டு நீ வந்தாய்.

"எங்கடா கெளம்புற?"

"சட்டிய வெளிய வச்சுட்டாங்கக்கா."

"வச்சா? இது என்ன தோட்டமா? கோர்ட்டுல தீர்ப்பு வாங்காம எவனும் ஒன்ன வெளிய தள்ள முடியாது. வக்கீலய்யா வீட்டுல சோறாக்கிக்கிட்டே தெனமும் இதத்தான கேக்குறேன்."

சொல்லிக்கொண்டே சோற்றுப்பானையைத் தூக்கி உள்ளே வைத்தாய். பெரிய சண்டியன் உன் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கல்லில் மோதினான். நெற்றி பிளந்தது. நீ எழுந்து அடுத்த சட்டியை எடுத்தாய்.

"ஏய் கெழவி, செத்துருவ!"

"செத்தாலும் உள்ளதான்டா சாவேன்."

அவன் தடியால் அடித்தான். உன் கை முறிந்த சத்தம் மழையிலும் கேட்டது. நீ அவன் மணிக்கட்டைக் கடித்துத் தசையைப் பிய்த்துத் துப்பினாய். "த்தூ, ஒனக்கு உப்பே பத்தலடா" என்றாய்.

அதற்குள் மற்றவன் உள்ளே போய் என் மனைவியைப் பாயோடு இழுத்தான். பிள்ளை வீறிட்டது. அப்போதுதான் என் கைகள் அவிழ்ந்தன. மூலையில் கிடந்த உலக்கையை எடுத்து அவன் தோளில் இறக்கினேன். எலும்பு நொறுங்கியது. வாசலுக்கு உருண்டவனைச் சேற்றில் போட்டு மறுபடியும் அடித்தேன். பெரியவன் கையைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டான்.

"போதும்டா" என்றாய், முகமெல்லாம் இரத்தத்தோடு. "கோர்ட்டுக்கு நடந்து வர்றதுக்காவது அவன விட்டு வை."

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. வாடகை வேண்டுமானால் வழக்குப் போட வேண்டும், ஆள் வைத்து அடிக்கக் கூடாது என்று நீதவான் முதலாளியைக் கண்டித்தார். பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட எனக்குத் தவணை கொடுத்தார். சண்டியர்களுக்கும் தண்டம், எனக்கும் தண்டம். கட்டையில் கட்டிய கையோடு நீ வெளியே வந்து, "ஒனக்குப் போட்டது கம்மிடா, நீ அடிச்சது நல்ல அடி" என்று சிரித்தாய். என் மனைவியின் மேலும் பிள்ளையின் மேலும் ஒரு சொட்டு மழை படவில்லை.

உன் கை கடைசி வரை நிமிரவில்லை. இடக்கையாலேயே அகப்பை பிடித்தாய். நீ போய் வருஷமாகப் போகிறது.

அந்தத் தண்டத்தை இன்னொரு முறை கட்டச் சொன்னாலும் சந்தோஷமாகக் கட்டுவேன். அன்றைக்குப் பிறகு நான் எத்தனையோ முதலாளிமார் முன்னால் நின்றிருக்கிறேன். என் கைகள் பக்கத்தில் தொங்கியபடியே இருக்கின்றன, அக்கா. கட்டிக்கொள்ள அவற்றுக்கு மறந்துவிட்டது.