பூதலூர் வரப்புக் காளான்

8.10.2009
மூன்றாவது முறையும், டிஎன்ஏ பெருகியதா என்று காட்டும் ஜெல்லில் ஒரு கோடுகூட விழவில்லை. திருவிடைமருதூர்ப் பக்கம் எடுத்த காளான்களின் டிஎன்ஏ எல்லாம் ஒழுங்காகப் பெருகியது. பூதலூர் வரப்பில் பறித்த ஆறும் மக்கர். எந்தப் புத்தகத்திலும் இல்லாத காளான் அதுதான். அதன் டிஎன்ஏ வரிசை கிடைத்தால் ஆராய்ச்சித் திட்டம் இரண்டு வருஷம் நீளும். இல்லையென்றால் துபாய். கூடப்பிறந்த லாத்தாவின் மாப்பிள்ளை ஜாஃபர் மச்சான் அங்கே ஒரு லேபில் வேலை பேசி வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

9.10
என்சைம் மோசம் என்று இசைவாணியிடம் கத்தினேன். அவளும் இதே திட்டத்தில்தான் இருக்கிறாள். "அதே என்சைம்லதான் எனக்கு வந்துச்சு. கத்துறத வீட்டுல வச்சுக்கங்க." சரிதான்.

11.10
மிச்சமிருந்த துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மடிப்புகளில் மஞ்சள். இந்தக் காளானுக்கு ஏது அந்த நிறம்? பறித்த அன்று ஞாயிறு, லேப் பூட்டியிருந்தது, வீட்டில் வைத்திருந்தேன். உம்மாவைக் கேட்டேன்.
"மண்ணும் புழுவுமா போட்டுட்டுக் குளிக்கப் போயிட்ட. மஞ்சத்தண்ணியில அலசித்தான் காய வச்சேன். வெசம் முறிய வேணாமா?"
"திங்கவா கொண்டாந்தேன்?"
"காளான வேற எதுக்குக் கொண்டாருவாங்க?"
மஞ்சள்தான் டிஎன்ஏவைப் பெருகவிடாமல் கெடுத்திருக்கிறது. ஆறும் போச்சு. 'தொடாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் — சொன்னேனா?

14.10
பூதலூர். வரப்பு காலி. இந்த மாதம் கிடைக்காவிட்டால் துபாய்தான் என்றேன். வயல்காரர் இளையபெருமாள் சிரித்தார். "இடி இடிக்காம எப்படிங்க தம்பி மொளைக்கும்? நீங்க கூப்புட்டா வந்துருமா?"

17.10
வெயில்.

18.10
வெயில். மச்சான் போன். "காளானுக்காக விசாவ விடுறவன இப்பத்தான்டா பாக்குறேன்."

22.10
சாயங்காலம் இடி. நல்ல இடி.

23.10
பூதலூருக்கு முதல் ரயிலில் இசைவாணியும் வந்தாள். ஐந்து கிடைத்தன. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு டப்பாவில் மூடினாள். "உங்க வீட்டுக்குப் போகாம நேரா லேபுக்கே போயிரலாம்ல?" நக்கல்.

27.10
ஐந்துக்கும் கோடு விழுந்தது. வரிசை படிக்க பெங்களூருக்கு அனுப்பியாச்சு. பதில் வர மூன்று வாரம். மச்சானுக்கு வெள்ளிக்கிழமையே பதில் வேண்டும். படித்துப் பார்த்தால் சாதாரணக் காளானாகவும் இருக்கலாம். தெரியாதா எனக்கு? தெரியும்.

30.10
துபாய்க்கு வரவில்லை என்று மச்சானிடம் சொன்னேன். அந்த வேலையைத் தம்பிமுறை, சாச்சி மகன் மூஸாவுக்குக் கேட்டேன், அவன் கெமிஸ்ட்ரி படித்தவன். "பாஸ்போர்ட் நம்பர அனுப்பு" என்று போனை வைத்துவிட்டார். லாத்தா என்னோடு பேசுவதில்லை.

19.11
வரிசை வந்தது. பதிவாகியிருக்கும் எந்தக் காளானோடும் தொண்ணூற்று மூன்று சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை. புது இனம்தான். இசைவாணி மூன்று முறை சரிபார்த்தாள். நான் ஐந்து.

8.12
மூஸாவைத் திருச்சியில் விமானம் ஏற்றிவிட்டு ரயிலில் திரும்பினேன். பூதலூரில் இறங்கிவிட்டேன். வரப்பில் இளையபெருமாள்.
"துபாய்னீங்களே தம்பி?"
"போவலைங்க."
"அப்ப மடையோரமா போய்ப் பாருங்க. வேற நெறத்துல ஒண்ணு கெடக்கு."
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன். முழங்கால்வரை சேறு.