இடது காலில் ஒரு விரல் குறைந்த கிளி

ஜூலை 2, புதன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. வளவெல்லாம் புழுதி. காயப்போட்ட இரண்டு துணி வேலிக்கு அப்பால். எடுக்கப் போன இடத்தில், முருங்கை மரத்தடியில் ஒரு கிளி. பறக்கவில்லை, தத்தியது. இறகை யாரோ வெட்டியிருக்கிறார்கள். வளர்த்த கிளிதான். யாருடையது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் தெரியாது.

இவரைக் கூப்பிட்டேன். என் தப்பு. துவாயைப் போட்டுப் பிடித்தார். விரலில் நல்ல கொத்து. கோபமே வரவில்லை. "பயந்திட்டியா மனே" என்றார். கட்டாரில் இருந்து ஒரேயடியாக வந்து எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் எனக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

தைக்க இருப்பது: அபாயா 1, சல்வார் 2, மகளின் யன்னல் சீலை.

ஜூலை 3, வியாழன்

பழைய ஃபேன் கம்பிக்கூடு இரண்டைச் சேர்த்துக் கட்டிக் கூடு செய்துவிட்டார். காலையில் தொடங்கி நண்பகல் லுஹர் தொழுகை வரை அதே வேலை. என் மெஷின் பெல்ட் ஒரு மாதமாகத் தளர்ந்து கிடக்கிறது. அது கண்ணில் படவில்லை.

குசினி யன்னலுக்கு வெளியே, விறாந்தையில் தொங்கவிட்டிருக்கிறார். இடது காலில் நடுவிரல் இல்லை. கழுத்தில் வளையமும் இல்லை, ஆகவே பெட்டையாம். நல்லது! அதுதான் குறையாக இருந்தது.

பேசாத கிளி. கீ, கீ. அவ்வளவுதான்.

ஜூலை 5, சனி

இன்று இவர் என்னிடம் பேசியவை:
1. "தேத்தண்ணி."
2. "சாவி எங்க?"
3. "ஓம்."

கிளியிடம் (இனி கி.) பேசியது: பின்னேரம் அஸர் தொழுகையில் இருந்து பொழுதுபட்டு மஃரிப் வரை.

பெரிய வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் இந்த இரண்டறையில் இருக்கிறோம். ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு மனிதன் இவ்வளவு பேசாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். கட்டாரில் இருந்த இருபத்திரண்டு வருடமும் போனில் மணித்தியாலக் கணக்கில் கதைத்தவர். அந்த ஆளை எயார்போட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் போல.

மகள் சிரிக்கிறாள். "உம்மா, கிளியோட போய்ப் போட்டி போடுறீங்களே!" போட்டி இல்லை என்றேன். போட்டிதான்.

ஜூலை 7, திங்கள்

கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். குசினி என்னுடையது, யன்னலும் என்னுடையது. காது தானாக இவர் பேச்சுப் பக்கம் போனது.

"வீட்டுக்கு ஸ்டோர் கீப்பர் எண்டு செல்லித்தான் வெச்சிருந்தன். ஏசி அறை எண்டு. எங்க? பதினாலாம் மாடில, வெளிப்பக்கம், கயித்துல தொங்கிக்கிட்டுப் பூச்சு வேல. கீழ பாத்தா கால் நடுங்கும். அண்டைக்குப் பின்னேரம் போன் எடுத்தா, என்ன சமைச்ச எண்டுதான் கேப்பன்."

கி. மிளகாய் கொறித்துக்கொண்டிருந்தது.

ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், எங்கட ஆள் ஏசிக்குள்ள வேலை என்று. கலியாண வீடுகளில், பள்ளிக்கூட வாசலில், எல்லா இடத்திலும். எனக்குச் சொல்ல வேண்டிய கதை இது. ஒரு கிளிக்குச் சொல்கிறார்.

ஜூலை 9, புதன்

புட்டு, சூடை மீன் பொரியல். இவர் பேசாமல் சாப்பிட்டார்.

பின்னேரம் மறுபடி யன்னல். அறைத்தோழன் ஒருவன், பீகார்க்காரன், பக்கத்துக் கட்டிலில் தூக்கத்திலேயே உயிர் போய் மௌத்தாம். "நான் விடியிற வரைக்கும் அவனுக்குப் பக்கத்திலதான் படுத்துக் கிடந்தன்." அப்போது மகளின் மாப்பிள்ளை வந்துவிட்டார். கதை பாதியில் நின்றது.

அவர் போனதும் வேறு கதை: "வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இரிக்கி எனக்கு. சீனி எந்தப் போத்தல்ல இரிக்கெண்டு தெரியா. தண்ணி குடிக்கிறதெண்டாலும் கேட்டுத்தான் குடிக்கிறன். அவ எல்லாத்தையும் தனியச் செய்து பழகிட்டா. எனக்கு எடம் இல்ல."

முதலில் பாவமாக இருந்தது. உடனேயே கோபமும் வந்தது. என்னைப் பற்றிய குறையைக்கூட எனக்குச் சொல்லவில்லை. கையில் கிடந்த அகப்பையைப் போட்டுச் சத்தம் காட்டினேன்.

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன். "கண்டெடுத்த பொருள அறிவிக்காம வெச்சிருக்கிறது கூடாது. மௌலவிட்டக் கேளுங்க."

முகம் கறுத்தது. "இறகு வளரட்டும் எண்டு பாத்தன்."

"ஆக்கள் தேடுவாங்க."

"ஓம். அது சரி."

மார்க்கம் என் பக்கம். மனம் மார்க்கத்தின் பக்கம் இல்லை. அல்லாஹ் அறிவான்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் கேற்றடியில் நின்று அறிவித்தாராம். காணாமல்போன பொருளைப் பற்றி உள்ளே பேசுவது கூடாது, வெளியில் சொல்லலாம். "கிளி ஒண்டு கெடச்சிரிக்கி. அடையாளம் செல்லி எடுத்துட்டுப் போங்க." அடையாளத்தை நாங்கள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சிவப்பு வளையம் என்றார். மற்றவர் தன் கிளி ஸலாம் சொல்லும் என்றார். இருவரையும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம். இவர் முகத்தில் சிரிப்பு. கி.க்கு மாதுளம்பழம். எனக்கு ஒரு முத்தும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

நிஹாறா சல்வார் அளவுக்கு வந்தாள். பின் தெருவில் இருப்பவள். கூட்டைப் பார்த்தாள். "ராத்தா, எங்கட மகளுக்குக் கிளி வேணுமெண்டு ஒரே அழுக. ஆரும் வரல்லாட்டி எங்களுக்குத் தாங்களன்."

நான் குனிந்து கை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இடது கால்ல நடு விரல் இல்ல" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் விளக்கவில்லை. கை அளவு பதினேழரை.

ஜூலை 14, திங்கள்

நிஹாறாவின் மாப்பிள்ளை, அந்தப் பிள்ளையின் வாப்பா, வந்து அடையாளம் சொன்னார். சரியாகச் சொன்னார். இவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூட்டோடு கொடுத்தார். மிளகாய்ப் பையையும் கொடுத்தார். வாசல் கடப்பு வரை கூடப் போனார்.

நான் மெஷினில் இருந்தேன். தையல் இரண்டு இடத்தில் கோணல்.

ஜூலை 16, புதன்

போட்டியில் வென்றுவிட்டேன். பரிசு: நேற்று ஒரு வார்த்தை. இன்று அதுவும் இல்லை.

பின்னேரம் குசினியில் நின்று பார்த்தேன். கேட்க ஒன்றுமில்லை. காற்றுச் சத்தம்தான். பீகார்க்காரனின் உம்மாவுக்கு யார் போன் எடுத்துச் சொன்னது? இனி எனக்குத் தெரியப் போவதில்லை.

ஜூலை 17, வியாழன்

பத்து மணியிருக்கும். பக்கத்து ஊர் பாண்டிருப்பில் இருந்து ஓர் அம்மா. மீன் வாடியில் வேலையாம். வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். மீன் வாங்க வந்த யாரோ பள்ளிவாசலில் அறிவித்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, இடது கால்ல ஒரு விரல் இல்ல. தங்கூசி நைலோன் வலையில மாட்டி அறுந்தது. நான்தான் மஞ்சள் வெச்சுக் கட்டினன். வலப்பக்கச் செட்டைக்குள்ள ரெண்டு இறகு மஞ்சளா இருக்கும், பாருங்க."

இவர் செருப்பைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாவோடு நிஹாறா வீட்டுக்குப் போனார். சோற்றை அடிப்பிடிக்க விட்டேன்.

அங்கே நடந்ததை மகள்தான் வந்து சொன்னாள். செட்டையை விரித்துப் பார்த்தார்களாம். இரண்டு இறகு மஞ்சள்; கிளியை அந்த அம்மாவிடம் கொடுத்தார்களாம். நிஹாறாவின் மாப்பிள்ளைக்கு வெட்கமும் கோபமும். தெருவே கேட்கக் கத்தினாராம்: "உங்கட பொஞ்சாதிதானே அடையாளம் செல்லித் தந்த!"

இவர் திரும்பி வந்தார். குளித்தார். தொழுதார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

இவர் ஜும்ஆவுக்குப் போய் நேரம் கழித்து வந்தார். நிஹாறா துணியைத் திருப்பி எடுக்கத் தன் மகளை அனுப்பினாள். கொடுத்துவிட்டேன். சின்னவளின் கண் சிவந்திருந்தது. ஓர் ஏழைப் பொம்பிளையின் பொருளைப் பிறருக்குக் கொடுத்தேன், ஒரு பிள்ளைக்கு ஆசை காட்டி அழவைத்தேன். எல்லாம் இரண்டு கை அளவு பச்சைக் குருவி ஒன்றின் மேல் பொறாமைப்பட்டு. ஐம்பத்து மூன்று வயதில்.

தலையிடி. பனடோல் 2.

ஜூலை 19, சனி

காற்றுக் கொஞ்சம் குறைவு. அஸர் தொழுது, விறாந்தைக் கதிரையில் இருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"நான்தான் செல்லிக் கொடுத்தன். பொறாமையில. கிளிக்கு எல்லாம் செல்றீங்க, எனக்கு ஒண்டுமில்ல. குசினி யன்னலுக்குப் பின்னால நிண்டு எல்லாத்தையும் கேட்டன். மாடியில தொங்கினது, அந்தப் பொடியன் மௌத்தானது, எடம் இல்லெண்டு சென்னது. எல்லாம்."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ நிக்கிறது. நான் வாயத் தெறந்தா தேங்கா திருவுற சத்தம் நிண்டுரும்."

இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கிளிக்கு என்னத்துக்குக் கட்டார்க் கத? உனக்குத்தான் செல்லிக்கிட்டிருந்தன். முகத்தப் பாத்தா வருதில்ல. இன்னும் அரைவாசிக்கு மேல கெடக்கு. இனி எப்பிடிச் செல்ற எண்டு தெரியல்ல."

குசினிக்குள் வந்துவிட்டேன். அடுப்பை மூட்டவில்லை. யன்னலுக்குப் பின்னால், இவருக்குத் தெரியாத மாதிரி நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். கதிரையை யன்னல் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு முறை தொண்டையைச் செருமினார். இன்னும் தொடங்கவில்லை.